மக்களாட்சியும் மனித உரிமைகளும்

முன்னுரை



2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19, சனிக்கிழமை. அன்று காலை முதலே சிட்லபாக்கத்துத் தெருக்களில் நம் அன்னையரும் தந்தையரும் வாக்குச்சாவடியை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி வீடு திரும்பியதும் விரலில் இருந்த மையைக் காட்டி, "நம்ம ஊர் ஆபீசுக்கு ஓட்டுப் போட்டுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு கண்ணு!" என்றாராம். பின்னர் வகுப்பில் அவள் இதைச் சொன்னபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் தேர்தல்கள் நடந்தனவே, ஊராட்சிக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை? இத்தனை ஆண்டுகள் நம் தெருக் குழாய்க்கும் குப்பைத் தொட்டிக்கும் பொறுப்பேற்றிருந்தவர் யார்?

இந்தச் சிறு கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. பாடநூலில் மக்களாட்சி ஒரு பாடம், மனித உரிமைகள் வேறொரு பாடம். ஒன்றுக்கு ஓர் ஐந்து மதிப்பெண் வினா, மற்றொன்றுக்கு இன்னொன்று. இரண்டையும் மனப்பாடம் செய்து, தனித்தனியே விடை எழுதி வந்தோம். இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பாடநூலுக்கு வெளியேதான் கற்றுக்கொண்டோம். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் வகுப்பில் ஒரு வாக்கெடுப்பு

முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் நடுநிலை வகுப்பில் படித்த 2019ஆம் ஆண்டு, தென்சென்னைப் புறநகர் முழுவதும் கடும் தண்ணீர்ப் பஞ்சம். கிணறுகள் வற்றின; ஆழ்குழாய்களில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி எந்த நேரத்தில் வரும் என்று எவருக்கும் தெரியாது. அந்நாளில் எங்கள் வகுப்பில் சிலர் நாள்தோறும் தாமதமாக வந்தனர். இதனால் வகுப்புக்குக் கெட்ட பெயர் வருகிறது என்று வகுப்புத் தலைவி ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். தாமதமாக வருவோர் ஒரு வாரம் வகுப்பறையைக் கூட்ட வேண்டும். விளையாட்டு வேளையிலும் உள்ளேயே இருக்க வேண்டும். கைகள் உயர்ந்தன. ஆதரவு 43, எதிர்ப்பு 5. தீர்மானம் நிறைவேறியது என்று கைதட்டினோம்.

கைதட்டியவர்களுள் நாங்களும் இருந்தோம். எதிர்த்த அந்த ஐவரும் யார் தெரியுமா? விடியற்காலையில் குடங்களோடு லாரிக்காக வரிசையில் நின்று, வீட்டுக்குத் தண்ணீர் சுமந்துவிட்டு, அவிழ்ந்த பின்னலோடு ஓடிவந்தவர்கள்.

சிஸ்டர் வந்தார். கரும்பலகையில் இருந்த 43, 5 என்ற எண்களைப் பார்த்தார்.

"கணக்கு சரிதான். இந்த ஐந்து பேரிடம் ஏன் தாமதமாக வருகிறீர்கள் என்று யாராவது கேட்டீர்களா?" என்றார்.

நாங்கள் தலைகுனிந்தோம். சிஸ்டர் எங்கள் வாக்கெடுப்பைத் தள்ளுபடி செய்யவில்லை. அந்த ஐவரையும் முதலில் பேசச் சொன்னார். அதன்பின் மறுபடியும் வாக்கெடுக்கச் சொன்னார். இம்முறை, தண்ணீருக்காகத் தாமதமாவோருக்குத் தண்டனை இல்லை என்றும், தண்டிக்குமுன் எவரையும் கேட்டறிய வேண்டும் என்றும் எல்லாக் கைகளும் உயர்ந்து முடிவாயிற்று.

முதல் வாக்கெடுப்பிலும் பெரும்பான்மை இருந்தது, இரண்டாவதிலும் இருந்தது. முதலாவதில் இல்லாதது ஒன்றே: எளியவள் தன் குறையைச் சொல்லும் உரிமை. மக்களாட்சிக்கும் மனித உரிமைக்கும் உள்ள உறவை அன்று எங்கள் வகுப்பறையிலேயே கண்டோம்.

மனித உரிமைகள் யாவை?

மனிதராய்ப் பிறந்த ஒரே காரணத்தால் ஒவ்வொருவருக்கும் உரியவையே மனித உரிமைகள். உயிர் வாழ்தல், எண்ணியதைப் பேசுதல், ஒன்றுகூடுதல், கல்வி பெறுதல், சட்டத்தின் முன் சமமாக நடத்தப்படுதல் முதலியன இவற்றுள் அடங்கும். இவற்றை அரசன் பரிசாகத் தருவதில்லை. ஆகவே அரசன் பறிக்கவும் முடியாது என்பது இதன் அடிப்படைக் கருத்து.

இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளைக் கண்ட நாடுகள் ஒன்றுகூடி, 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் உலக மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றன. அதில் 30 பிரிவுகள் உள்ளன. அதன் முதற்பிரிவில் ஓர் இந்தியப் பெண்மணியின் உழைப்பு இருக்கிறது என்பது நமக்குப் பெருமை. வரைவில் "ஆண்கள்" எனப் பொருள்படும் சொல்லே முதலில் இருந்தது. இந்தியாவின் சார்பில் சென்ற ஹன்சா மேத்தா, "மனிதர் அனைவரும்" என்ற பொருள் தரும் சொல்லே வேண்டும் என்று வாதாடி அதை மாற்றினார். ஒரு சொல்தானே என்று அவர் விட்டிருந்தால், உலகின் பாதி மக்கள் வாசற்படிக்கு வெளியே நின்றிருப்பர்.

அப்பிரகடனத்தின் 21ஆம் பிரிவு நம் தலைப்புக்கு நேரானது. அரசின் அதிகாரத்துக்கு மக்களின் விருப்பமே அடிப்படை. அவ்விருப்பம் குறித்த காலத்தில் நடக்கும் நேர்மையான தேர்தல்களில் வெளிப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. அதாவது, வாக்களிப்பதே ஒரு மனித உரிமை. உரிமைகளின் பட்டியலுக்குள்ளேயே மக்களாட்சி அமர்ந்திருக்கிறது!

நம் அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை உருவாக்கிய அவையில் பெண்கள் 15 பேர் இருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகளைக் கூறுகிறது. 14ஆம் பிரிவு சமத்துவம், 17ஆம் பிரிவு தீண்டாமை ஒழிப்பு, 19ஆம் பிரிவு பேச்சும் கூட்டமும் உள்ளிட்ட சுதந்திரங்கள், 21ஆம் பிரிவு உயிரும் தனிமனிதச் சுதந்திரமும். இவை பறிபோனால் நேரே உச்சநீதிமன்றத்தை நாடலாம் என்பது 32ஆம் பிரிவு. அதனை அரசியலமைப்பின் இதயமாகவும் ஆன்மாவாகவும் கருதினார் டாக்டர் அம்பேத்கர். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பதை 326ஆம் பிரிவு தந்தது.

வாக்கு இருந்தால் போதுமா?

நம் சிட்லபாக்கத்திலிருந்து தெற்கே சென்றால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை அவை விளக்குகின்றன. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதியைப் படிக்கும்போது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவா என்று மெய்சிலிர்க்கிறது.

ஆயினும் அக்கல்வெட்டை முழுவதும் படிக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வியும் வேண்டும். அந்நிலத்தை உழுதவருக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. அது நல்ல தேர்தல் முறைதான். ஆனால் எல்லோருக்குமான முறை அன்று. சம உரிமை இல்லாத இடத்தில் தேர்தல் சிலருடைய ஏற்பாடாக நின்றுவிடும்.

அக்குடத்தில் பெண்ணின் ஓலை விழுவதற்கு மேலும் ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 1921ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதை முதலில் செய்தது நம் மாகாணமே. ஆனால் அன்றைக்கும் சொத்து உள்ளவருக்கே வாக்கு. 1927ஆம் ஆண்டில் அச்சபையில் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே குரல் எழுப்பினார். அதற்கான முழுமையான சட்டம் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது. பெண் அவைக்குள் நுழைந்தபின்தான் பெண்ணின் துயரம் அவையின் பொருளாயிற்று என்பதை இங்கே காண்க.

விடுதலைக்குப் பின் 1951-52இல் நடந்த முதற்பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடி மக்கள் வாக்காளர்களாயினர். அப்போது ஒரு விந்தை நிகழ்ந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல், "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. வாக்குரிமை சட்டத்தில் இருந்தது. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை வீட்டில் இல்லை. ஆகவே வாக்கும் இல்லாமற் போயிற்று.

பெரும்பான்மை தவறினால்?

எங்கள் வகுப்பில் 43 பேர் செய்த தவறு ஒரு பிற்பகலில் திருத்தப்பட்டது. ஒரு நாடு அப்படிச் செய்தால் என்ன ஆகும்? கடல் கடந்த நம் உறவினரின் வரலாறு இதற்கு விடை சொல்லும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். மலைநாட்டைத் தோட்டமாக்கியது அவர்களின் கைகளே. இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்றது. அவ்வாண்டே அதன் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோரால் காட்ட இயலாத சான்றுகளை அச்சட்டம் கேட்டது. பல லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1949இல் அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. உலக மனித உரிமைகள் பிரகடனம் வெளிவந்த அதே 1948இல் இது தொடங்கியது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இதைச் செய்தவன் சர்வாதிகாரி அல்லன். தேர்தலில் வென்ற உறுப்பினர் கூடி, வாக்கெடுத்து, பெரும்பான்மையால் செய்தார்கள். விதி முறையாகவே நடந்தது. வாக்கைப் பறிகொடுத்தவர்களோ தம்மைக் காக்க வாக்களிக்கவும் இயலாது போயினர்.

பின்னர் 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வது என்று வகுத்தனர். எவருடைய பெயர் எந்தக் கணக்கில் என்று அம்மக்களை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை தர, நம் அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இலங்கையில் எஞ்சி நின்றவர்களின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. ஒரு சட்டத்தின் தவறு நீங்க 55 ஆண்டுகள்!

ஆகவேதான் அறிஞர்கள், சில உரிமைகளைப் பெரும்பான்மையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்கின்றனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கூடினாலும் எஞ்சிய ஒருவரை மனிதர் அல்லர் என்று தீர்மானிக்க அதிகாரம் இல்லை.

இரண்டும் உறங்கிய காலம்

நம் நாட்டிலும் ஒரு சோதனை வந்தது. 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1976இல் நடக்க வேண்டிய மக்களவைத் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. உரிமையும் உறங்கியது, வாக்கும் உறங்கியது.

1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டபின் இங்கும் பலர் கைதாயினர். சென்னை மத்தியச் சிறையில் அவ்வாறு அடைக்கப்பட்டவர்களுள் நம் செங்கற்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினரும், முன்னாள் சென்னை மேயருமான சிட்டிபாபு ஒருவர். அவர் 1977 ஜனவரியில் காலமானார். அச்சிறையில் நடந்தவற்றைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. லட்சக்கணக்கான மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவருக்கே சிறைச்சுவருக்குள் பாதுகாப்பு இல்லை எனில், சாதாரண மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

காரணமின்றிக் கைதானவர் நீதிமன்றத்தை நாடலாமா என்ற கேள்வி உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளுள் நால்வர், நெருக்கடி நிலையில் நாட முடியாது என்றனர். எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். தமக்கு உரிய தலைமை நீதிபதிப் பதவி அதனால் கைநழுவியபோது அவர் பதவி விலகினார். அங்கும் பெரும்பான்மை ஒரு பக்கம், நீதி ஒரு பக்கம்! 41 ஆண்டுகளுக்குப் பின், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்நால்வர் தீர்ப்புச் செல்லாது என அறிவித்தது.

அந்த இருளை எது நீக்கியது? 1977 மார்ச்சில் நடந்த தேர்தலில் மக்கள் ஆட்சியை மாற்றினர். புதிய நாடாளுமன்றம் 1978இல் 44ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதன்படி, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் உரிய 21ஆம் பிரிவின் பாதுகாப்பை நெருக்கடி நிலையிலும் இனி நிறுத்திவைக்க இயலாது. உறங்கிய உரிமையை வாக்கு எழுப்பியது.

சிட்லபாக்கம் கற்பித்த பாடம்

இனி நம் பாட்டியின் விரல் மைக்கு வருவோம்.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பழைய மன்றத்தின் காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது வெளியான தேர்தல் அறிவிப்பை, பழங்குடியினருக்கு உரிய இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. டிசம்பருக்குள் தேர்தலை நடத்தச் சொன்னது. பழங்குடியினரின் உரிமையைக் கேட்டது நியாயமே. ஆனால் அதன்பின் வார்டு வரையறை, வழக்கு, தொற்றுநோய் என்று ஒன்றன்பின் ஒன்றாய்க் காலம் நீண்டு, எல்லா நகரத்தாரின் வாக்கும் ஐந்தாண்டுக்கு மேல் நின்றுபோயிற்று. அக்காலத்தில் பேரூராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினர். அவர்களுள் நல்லவரும் உண்டு, உழைத்தவரும் உண்டு. எனினும் அவர்கள் மீண்டும் நம் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டியதில்லை.

அவ்வாண்டுகளில்தான் 2019இன் பஞ்சம் வந்தது. நம் ஏரி வறண்டு கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே சிட்லபாக்கம் நீரில் தத்தளித்தது. நான்கே ஆண்டுகளில் குடிக்க நீரில்லை. முறையிட வார்டு உறுப்பினர் இல்லை. மக்கள் என்ன செய்தனர்? குடியிருப்போர் சங்கங்களாகக் கூடினர். 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற தன்னார்வக் குழுவினரோடு பொதுமக்களும் சேர்ந்து, தம் கைப்பணத்தைப் போட்டு ஏரியைத் தூர்வார இறங்கினர். மனுக்கள் எழுதினர், செய்தித்தாள்களுக்குச் சொன்னார்கள். அவ்வாண்டே ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மக்களிடம் அப்போது உள்ளாட்சி வாக்கு இல்லை. ஆனால் 19ஆம் பிரிவு இருந்தது. கூடிப் பேசவும், சங்கம் அமைக்கவும், குறையை ஊரறியச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. தகவல் அறியும் உரிமை இருந்தது. அதற்கென முதன்முதலில் 1997இலேயே சட்டம் இயற்றியது நம் மாநிலம்; 2005இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதினால் 30 நாட்களுக்குள் அலுவலகம் விடை தர வேண்டும்.

1977இல் உறங்கிய உரிமையை வாக்கு எழுப்பியது. சிட்லபாக்கத்தில் வாக்கு உறங்கியபோது உரிமை விழித்திருந்து ஊரைக் காத்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று காவல் என்பதே நாங்கள் கண்ட உண்மை.

2021 நவம்பரில் நம் சிட்லபாக்கம் பேரூராட்சி, தாம்பரம், பல்லாவரம் முதலிய ஊர்களோடு இணைந்து தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 70 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. இடங்களில் பாதி பெண்களுக்கு. மேயர் பதவி பட்டியல் சமூகப் பெண் ஒருவருக்கு. 25 வயதே ஆன வசந்தகுமாரி கமலகண்ணன் முதல் மேயரானார். உத்திரமேரூர்க் குடத்தில் இடம்பெறாத ஓலை, 1,100 ஆண்டுகளுக்குப்பின் நம் மாநகராட்சியின் தலைமை நாற்காலியில் அமர்ந்தது! இதைத் தனியே வாக்கு மட்டும் தரவில்லை. தனியே உரிமை மட்டும் தரவில்லை. இரண்டும் கைகோத்துத் தந்தன.

நாம் செய்யத்தக்கவை

"நாம் சிறுமியர்தாமே, நமக்கென்ன?" என்று எண்ணலாகாது. 1988இன் 61ஆவது திருத்தத்தால் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆயிற்று. 17 வயது நிறைந்தவர் வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டியே படிவம் 6ஐ நிரப்பித் தரலாம். மேல்நிலை வகுப்புத் தோழியர் பலருக்கு இவ்வாண்டே அத்தகுதி உண்டு. திருமணமாகி வேறு ஊர் செல்லும் அக்காமார்கள் தம் பெயரைப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளவும் நாம் நினைவூட்டலாம். பெயர் விடுபட்டுப் போன அந்த 28 லட்சம் பெண்களை மறவாதிருப்போம்.

நகரங்களிலும் இப்போது பகுதி சபைக் கூட்டங்கள் உண்டு. 2022 நவம்பர் 1 அன்று நம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அத்தகைய கூட்டத்துக்கு அம்மாவையும் அழைத்துச் செல்வோம். தண்ணீர் பிடிப்பவர் அவர். தண்ணீரைப் பற்றி அவரே பேசட்டும். உரிமை மீறப்பட்டால் முறையிட 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மனித உரிமைகள் ஆணையமும், 1997 முதல் நம் மாநில ஆணையமும் உள்ளன. துன்புறும் குழந்தைகளுக்காக 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முதற்படி வீட்டிலும் வகுப்பிலும் இருக்கிறது. ஒரு முடிவு எடுக்குமுன், "இதனால் துன்புறுபவர் யார்? அவரைக் கேட்டோமா?" என்று ஒரு கணம் நின்று வினவுவோம். வென்ற பக்கத்தில் நாம் இருக்கும்போது இக்கேள்வியைக் கேட்பதே கடினம். அப்போது கேட்பதே உண்மையான மக்களாட்சி.

முடிவுரை

நம் சிட்லபாக்கம் ஏரியின் கரையில் நின்று பார்த்தால் இவ்வுறவு நன்கு விளங்கும். மக்களின் வாக்கு ஏரியின் நீரைப் போன்றது. உரிமைகள் அதன் கரையைப் போன்றவை. கரையில்லா நீர், வெள்ளமாய்ப் பாய்ந்து தாழ்ந்த இடத்து வீடுகளைத்தான் முதலில் மூழ்கடிக்கும். நீரில்லாக் கரையோ வெறும் மண்மேடு. எவர் தாகத்தையும் தீர்க்காது. கரையும் வேண்டும், நீரும் வேண்டும். இரண்டும் இருந்தாலும், ஆண்டுதோறும் தூர்வாரும் கைகள் இல்லையெனில் ஏரி மேடிட்டுப் போகும்.

அன்று குடம் சுமந்து தாமதமாக வந்த ஐவருள் ஒருத்தி, இக்கட்டுரையை எங்களோடு அமர்ந்து எழுதியிருக்கிறாள். அன்று எங்கள் கைகளை எண்ணிய வகுப்பு, அவள் குரலை எண்ண மறந்தது. இன்று அவள் பெயர் எழுதிய படிவம் 6 அவள் பையில் இருக்கிறது. கைகளையும் எண்ணுவோம், குரல்களையும் கேட்போம். வாழ்க மக்களாட்சி! வளர்க மனித உரிமைகள்!

– மேல்நிலை இரண்டாமாண்டு, வரலாற்றுப் பிரிவு மாணவியர்